எல்லோருக்கும் எளிதான பாதை

நடைப்பாதைகளை நாம் கால்களின் கணக்கில் தரம் பிரிக்கிறோம். தூரம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பவைதான் அளவுகோல். அந்தக் கணக்குப்படி, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் பேரனோஃப் தீவில் உள்ள சிட்கா ஊரின் மஸ்கீட்டோ கோவ் பாதை மிக எளிதானது. ஊரிலிருந்து வடக்கே கடலோரமாகப் போகும் சாலை சுமார் பதினோரு கிலோமீட்டரில் ஸ்டாரிகாவன் விரிகுடாவில் முடிந்துபோகிறது. அங்கே தொடங்குகிறது பாதை. கொஞ்ச தூரம் கடலை ஒட்டியே போய், ஒரு சின்னக் குடாவைத் தொட்டு, காட்டுக்குள் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. மொத்தமே 2 கிலோமீட்டர். சரிவான இடங்களில் படிகளும் சதுப்பான இடங்களில் மரப்பலகைகளும் போட்டிருக்கிறார்கள். நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம் தாராளம்.

அந்த நடைக்காக நான் வரைபடத்தையும் ஓத அட்டவணையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தொலைபேசியில் அக்கா கேட்டாள்: "ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு சொல்றே. அதுக்கு எதுக்குடா இத்தனை ஏற்பாடு?" "கரடி இருக்குக்கா" என்றேன். "அப்ப போகாதே" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. போகாமல் இருப்பது எப்போதும் ஒரு வழி. ஆனால் போவது என்று முடிவு செய்தவர் எப்படிப் போக வேண்டும் என்பது எனக்கு முக்கியமான கேள்வியாகத் தோன்றுகிறது. அது ஒரு மணி நேர நடையோடு முடிகிற கேள்வி அல்ல. இன்னொரு உயிர் வாழ்ந்துகொண்டிருக்கும் இடத்துக்குள் மகிழ்ச்சிக்காக மட்டும் போகிறவருக்கு என்ன கடமை இருக்கிறது என்ற கேள்வி அது.

பேரனோஃப், அதற்கு வடக்கே சிச்சகோஃப், கிழக்கே அட்மிரால்டி ஆகிய மூன்று தீவுகளிலும் பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. கருங்கரடி இங்கே கிடையாது. தாய்வழி மரபணுவில் இந்தத் தீவுக் கரடிகள் மற்றப் பழுப்புக் கரடிகளைவிடத் துருவக் கரடிகளுக்கு நெருக்கமாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பனியுகத்தின் முடிவில் இங்கே தங்கிவிட்ட துருவக் கரடிகளோடு, நிலப்பகுதியிலிருந்து நீந்தி வந்த ஆண் பழுப்புக் கரடிகள் தலைமுறை தலைமுறையாகக் கலந்ததன் விளைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். அட்மிரால்டி தீவில் ஏறத்தாழ சதுர மைலுக்கு ஒரு கரடி என்ற அளவுக்கு அவை நெருக்கமாக வாழ்கின்றன. அலாஸ்காவின் கடலோரத்தில் பெரிய ஆண் கரடி 400 கிலோவைத் தாண்டுவதுண்டு. அவ்வளவு எடையோடு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது.

இவையெல்லாம் தெரிந்த செய்திகள். வரைபடத்தோடு உட்காரும்போது புரியும் செய்தி வேறு. கரடியும் நம்மைப் போலவே எளிய பாதையைத்தான் தேடுகிறது. செங்குத்தான மலைச்சரிவுகளில் விழுந்துகிடக்கும் மரங்களுக்கு நடுவே, அகன்ற இலையின் அடியிலும் முள் வைத்திருக்கும் டெவில்ஸ் கிளப் புதர்களுக்கு நடுவே, முட்டி மோதி நடக்க அதற்கும் விருப்பம் இல்லை. சமதளமான ஆற்றங்கரை, வற்றத்தில் விரிந்து கிடக்கும் கழிமுகம், வெளிச்சம் விழுவதால் பெர்ரிச் செடிகள் தழைக்கும் காட்டோரம் ஆகியவையே அதன் பெருவழிகள். மனிதன் வெட்டிச் செப்பனிட்ட பாதை கிடைத்தால் அதிலும் நடக்கும். நடைப்பாதை அமைப்பவர்கள் தேடுவதும் இதே சமதளத்தை, இதே ஆற்றங்கரையை, இதே கடற்காட்சியைத்தான். ஆகவே நடை எளிதாக ஆக, கரடியின் வழியோடு நம் வழி ஒன்றாகும் வாய்ப்பும் கூடுகிறது. கடினமான மலையேற்றத்துக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும். எளிய கடலோர நடைக்குத் தயார் செய்ய வேண்டியது கவனத்தை.

*

திட்டமிடல் நம் நாட்காட்டியில் தொடங்குவதில்லை. கரடியின் நாட்காட்டியில் தொடங்குகிறது.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவை மேட்டு நிலத்துக் குகைகளை விட்டு இறங்கி வருகின்றன. மாதக்கணக்கில் உண்ணாத உடம்பு. மலையில் இன்னும் பனி கிடக்கும். பச்சை முதலில் தலைகாட்டுவது கடல்மட்டத்தில். கழிமுகத்தில் முளைக்கும் இளங்கோரையை அவை மாடு மேய்வதுபோல் மேய்கின்றன. ஈரமான பள்ளங்களில் ஸ்கங்க் கேபேஜ் கிழங்கைத் தோண்டித் தின்கின்றன. கோடை ஏற ஏற சால்மன்பெர்ரி பழுக்கும், பிறகு புளூபெர்ரி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இளஞ்சிவப்பு சால்மன்கள் கடலிலிருந்து ஓடைகளுக்குள் திரும்பி வரும்போது கரடியின் ஆண்டில் பெரும் பந்திக்காலம் வருகிறது. வரும் குளிர்காலம் முழுவதற்குமான கொழுப்பை அது இந்தச் சில வாரங்களில் சேர்த்தாக வேண்டும். தாய்க் கரடியாக இருந்தால் குகைக்குள் பிறக்கப்போகும் குட்டிகளுக்கான பாலும் இந்தக் கொழுப்பிலிருந்துதான் வர வேண்டும்.

ஸ்டாரிகாவன் ஓடையிலும் சால்மன் ஏறுகிறது. ஆகஸ்டில் அந்தக் கழிமுகத்தின் ஓரமாக நடக்கத் திட்டமிடுகிறவர், ஒரு குடும்பம் ஆண்டு முழுவதற்குமான உணவை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் அடுக்களை வழியாக நடந்துபோகத் திட்டமிடுகிறார். போகலாம். ஆனால் எந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். விடியலும் அந்தியும் கரடிக்குரிய பொழுதுகள். மனித நடமாட்டம் உள்ள ஊரோர ஓடைகளில் அவை இருட்டையே அதிகம் விரும்புகின்றன. முற்பகல் பத்து மணிக்குப் பிறகு புறப்பட்டுப் பிற்பகலிலேயே திரும்பிவிடும் நடை, நமக்கும் வசதி, அவற்றுக்கும் இடைஞ்சல் குறைவு. தாய்க் கரடிகள் சில சமயம் பெரிய ஆண் கரடிகளுக்கு அஞ்சி, அவை விலகியிருக்கும் நேரங்களில் குட்டிகளோடு ஓடைக்கு வருவதுண்டு. அதனால் பகல் என்பது உத்தரவாதம் ஆகாது, வாய்ப்பைக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமே.

ஓத அட்டவணையையும் பார்க்கத்தான் வேண்டும். சிட்காவில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே கடல் மூன்று மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. நீர் வற்றியிருக்கும்போது கரை அகலமாகத் திறந்து கிடக்கும். நாமும் கரடியும் தூரத்திலேயே ஒருவரையொருவர் பார்த்து விலகிக்கொள்ள இடம் இருக்கும். நீர் ஏறியிருக்கும்போது கடலுக்கும் புதருக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய பட்டைதான் மிஞ்சும். அதில் எதிரெதிரே வந்துவிட்டால் விலக இருவருக்கும் வழி கிடையாது.

*

கரடியின் இருப்பைக் கரடியைப் பார்க்காமலே அறிந்துகொள்ளலாம். இந்த நடையில் நான் அதிகம் விரும்புவது அதைத்தான்.

ஒரு முறை ஓடைக்கரையில் ஒரு சால்மன் கிடந்தது. ஒன்றரை முழ நீளம் இருக்கும். வயிறு பிளந்திருந்தது, முட்டைப் பை இல்லை. தலையின் மேற்பகுதி கடித்து எடுக்கப்பட்டிருந்தது. சதை மட்டும் அப்படியே இருந்தது. மீன் ஏராளமாக இருக்கும்போது கரடி இப்படித்தான் உண்கிறது. கொழுப்பு மிகுந்த மூளையையும் முட்டையையும் தோலையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போகிறது. வெட்டுவாயில் ஈ மொய்க்கவில்லை, கண் இருந்த குழியில் நீர் இன்னும் காயவில்லை. அப்படி ஒன்றைப் பார்த்தால் செய்ய வேண்டியது உடனே தெரிந்துவிடும். குனிந்து ஆராயக் கூடாது, படம் எடுக்க நிற்கக் கூடாது. பேசிக்கொண்டே வந்த வழியில் திரும்ப வேண்டும். புதிதாய்க் கிடக்கும் இரைக்குப் பக்கத்தில் அதன் உரிமையாளர் இருக்கக்கூடும்.

இன்னொரு முறை, காட்டுக்குள், ஹெம்லாக் மரம் ஒன்றின் பட்டை ஆள் உயரத்துக்கு மேல் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. வடிந்து உறைந்த பிசினில் பழுப்பு மயிர்கள் ஒட்டியிருந்தன, நுனியில் மட்டும் வெளிறிய நிறம். கரடிகள் முதுகைத் தேய்த்துத் தங்கள் மணத்தை விட்டுச் செல்லும் மரம் அது. ஆய்வாளர்கள் இத்தகைய மரங்களில் முள்கம்பி கட்டி மயிரைச் சேகரித்து, மரபணுவை வைத்து எத்தனை கரடிகள் வந்துபோயின என்று எண்ணுகிறார்கள். இந்தத் தீவுகளின் சில இடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கரடிகள் ஒரே தடத்தில் கால் வைத்து நடந்து, பாசித்தரையில் வரிசையாகக் கிண்ணம்போல் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு கரடியும் முன்னது வைத்த இடத்திலேயே காலை வைக்கிறது. பாதை போடுவது மனிதனின் தனிப்பழக்கம் என்று நினைப்பவர்கள் அந்தப் பள்ளங்களைப் பார்க்க வேண்டும்.

இந்தக் காடே ஓரளவு கரடி வளர்த்த காடு. உள்ளே இழுத்துச் சென்று பாதி தின்று விட்ட சால்மன்களும், கரடியின் கழிவும் மண்ணுக்குக் கடலின் நைட்ரஜனைக் கொண்டுவருகின்றன. 2001இல் ஜேம்ஸ் ஹெல்ஃபீல்டும் ராபர்ட் நைமனும் பக்கத்துச் சிச்சகோஃப் தீவில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். சால்மன் முட்டையிடும் ஓடைகளின் கரையில் வளரும் மரஞ்செடிகளின் இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ கால்பங்கு சால்மனிலிருந்து வந்தது என்று அதில் கண்டார்கள். விதை பரப்புவதிலும் கரடிக்குப் பங்குண்டு. தென்கிழக்கு அலாஸ்காவில் டெவில்ஸ் கிளப் செடியின் விதைகளைப் பறவைகளைவிடக் கரடிகளே அதிகம் பரப்புகின்றன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பழத்தில் ஒட்டியிருந்த எச்சிலின் மரபணுவை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 68 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள டாங்கஸ் தேசியக் காட்டின் ஒரு துணுக்குதான் இந்தப் பாதை. அதன் ஸ்ப்ரூஸ் மரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கும்போது நாம் கரடியின் வேலையையும் சேர்த்தே வியக்கிறோம். அப்படிப்பட்ட ஒன்றை வெறும் ஆபத்து என்ற பட்டியலில் மட்டும் வைத்துத் திட்டமிடுவது அறிவுக்குப் பொருந்தாது.

*

திட்டத்தின் மையம் சந்திப்பைத் தவிர்ப்பது. சந்தித்தால் என்ன செய்வது என்பது இரண்டாவது.

பழுப்புக் கரடி மனிதனைத் தாக்கும் பெரும்பாலான நிகழ்வுகளில் அது திடுக்கிட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. மிக அருகில் எதிர்பாராமல் ஒரு மனிதன் முளைப்பது, குட்டிக்கும் தாய்க்கும் நடுவே அவன் வந்துவிடுவது, அது காத்துவரும் இரையை அவன் நெருங்குவது ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள். கரடித் தாக்குதல்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கனடிய அறிஞர் ஸ்டீபன் ஹெரேரோ 1985இல் எழுதிய நூலிலிருந்து இன்றைய பூங்காத் துண்டறிக்கை வரை சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: நீங்கள் வருவதை அதற்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். அதற்கு மனிதக் குரலைவிட நல்ல கருவி இல்லை. பையில் கட்டிக்கொள்ளும் சிறு மணிகள் கடைகளில் விற்கின்றன. அவற்றின் கிணுகிணுப்பு ஓடை இரைச்சலில் கரைந்துபோகும். திருப்பங்களிலும் புதர் அடர்ந்த இடங்களிலும் நீர் இரையும் இடங்களிலும் உரக்கப் பேச வேண்டும், கைதட்ட வேண்டும். காற்று நம் முகத்தில் அடித்தால் நம் வாடை முன்னால் போகாது என்பதால் அப்போது குரலைக் கூட்ட வேண்டும். காட்டின் மௌனத்தை ரசிக்க வந்தவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் இங்கே அமைதியாக நடப்பது பதுங்கி வருவதாகவே கரடிக்குப் படும்.

கூட்டமாகப் போவது அடுத்தது. நான்கைந்து பேர் ஒன்றாக, இடைவெளி விடாமல் நடந்தால் ஆபத்து மிகவும் குறைகிறது. குழந்தைகள் நடுவில். யாரும் முன்னால் ஓடக் கூடாது, படம் பிடிக்கப் பின்தங்கக் கூடாது. காதில் பாட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. நாய் வந்தால் கயிற்றில் இருக்க வேண்டும். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு எஜமானனிடமே ஓடிவரும்.

பிறகு கரடி ஸ்ப்ரே. மிளகாய்க் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை அழுத்தத்தில் அடைத்த குப்பி. ஏழெட்டு நொடிகளில் தீர்ந்துவிடும், எட்டுப் பத்து மீட்டர் வரை பாயும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை அது பயன்பட்ட நிகழ்வுகளை டாம் ஸ்மித்தும் ஹெரேரோவும் மற்றவர்களும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடி சம்பந்தப்பட்டவற்றில் 92 விழுக்காட்டில் ஸ்ப்ரே அதன் போக்கைத் தடுத்து நிறுத்தியது. நெருக்கமான சந்திப்புகளில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. கரடியும் உயிரோடு, கண்ணெரிச்சலோடு காட்டுக்குத் திரும்புகிறது. எனக்கு இந்தக் கருவி பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதான். இரு தரப்பும் பிழைத்துப்போக அது இடம் விடுகிறது.

அதிலும் திட்டம் வேண்டும். சிட்காவுக்குத் தரைவழி கிடையாது. விமானத்தில் இந்தக் குப்பியைக் கையிலும் கொண்டுபோக முடியாது, ஒப்படைக்கும் பெட்டியிலும் வைக்க முடியாது. ஊரில் இறங்கிய பிறகு கடையில் வாங்க வேண்டும், காலாவதித் தேதி பார்க்க வேண்டும். பைக்குள் புதைத்து வைத்த குப்பி பயன்படாது. இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பாதுகாப்புக் கொக்கியை எடுக்கும் பழக்கம் விரலுக்கு ஏறியிருக்க வேண்டும். சிலர் இதைக் கொசு மருந்துபோல் உடைமேலும் கூடாரத்தின்மேலும் அடித்துக்கொள்கிறார்கள். பழுப்புக் கரடிகள் தரையில் படிந்த மிளகாய் வாடையை நாடி வந்து புரளுவதை டாம் ஸ்மித்தே கண்டு எழுதியிருக்கிறார். காற்றில் மேகமாகப் பறக்கும்போதுதான் அது விரட்டும்.

இத்தனைக்கும் மேல் ஒரு கரடி எதிரே நின்றால், நிற்க வேண்டும். ஓடக் கூடாது. எல்லோரும் சேர்ந்து நின்று, தாழ்ந்த குரலில் பேசி, மெல்லக் கைகளை அசைத்து, மனிதர் என்று தெரிவிக்க வேண்டும். அது தன் வேலையைப் பார்த்தால் பக்கவாட்டில் மெல்ல விலக வேண்டும். பாய்ந்து வந்தாலும் பல முறை அது பாதியில் நின்றுவிடும் மிரட்டலாகவே இருக்கும். வந்து தொட்டேவிட்டால் குப்புறப் படுத்து, பிடரியில் கைகளைக் கோத்து, கால்களை அகட்டி, முதுகுப் பையைக் கழற்றாமல் அசையாமல் கிடக்க வேண்டும். தற்காப்புக்காகத் தாக்கும் பழுப்புக் கரடிக்கு ஆபத்து நீங்கியது என்று தோன்றினால் அது விலகிவிடும். தாக்குதல் நீண்டுகொண்டே போனால் மட்டும் முழு பலத்தோடு எதிர்த்துப் போராட வேண்டும். இது பழுப்புக் கரடிக்கான முறை. கருங்கரடி தாக்கினால் தொடக்கத்திலிருந்தே எதிர்க்கச் சொல்கிறார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நடமாடும் நம் ஊர்க் கரடி முற்றிலும் வேறு இனம்; அதன் குணமும் வேறு. எந்தக் காட்டுக்குப் போகிறோமோ அந்தக் காட்டின் அறிவை அங்கிருப்பவர்களிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

உணவு விஷயத்தில் என் கண்டிப்பு அதிகம். ஒரு மணி நேர நடைக்கு உணவு தேவையே இல்லை, தண்ணீர் போதும். குழந்தைகளுக்காகக் கொண்டுபோவதானால் வாடை அடிக்காததை, இறுக மூடிய டப்பாவில், அளவாகக் கொண்டுபோகலாம். வாழைப்பழத் தோலும் பிஸ்கட் தாளும் திரும்பி வரவேண்டும். காரில் வைத்துவிட்டு வரும் மதியச் சாப்பாட்டுக்கும் இது பொருந்தும். ஸ்டாரிகாவன் முகாமிடத்தில் கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்; அவை அலங்காரத்துக்கு அல்ல.

மனித உணவின் சுவை ஒரு முறை அறிந்த கரடி அந்த இடத்துக்கு மீண்டும் வரும். வந்தால் அடுத்தவர் வீட்டு வாசலுக்கும் போகும். கடைசியில் துப்பாக்கியோடு ஒருவர் வருவார். சிட்காவில் குப்பைத் தொட்டிகளுக்குப் பழகிய கரடிகள் சுடப்பட்ட ஆண்டுகள் உண்டு. ஊருக்குக் கிழக்கே, 1993 வரை ஓடிய மரக்கூழ் ஆலையின் பழைய கழிவுநீர்த் தொட்டிகளில் 'ஃபோர்ட்ரஸ் ஆஃப் தி பேர்' என்ற காப்பகம் இயங்குகிறது. தாயை இழந்த குட்டிகளை அங்கே வளர்க்கிறார்கள். உயரமான கான்கிரீட் சுவருக்கு மேலிருந்து கீழே அவற்றைப் பார்க்கலாம். ஆரோக்கியமாக, அன்பாகத்தான் பராமரிக்கப்படுகின்றன. ஆனால் ஓடையில் மீன் பிடித்து மலையில் குகை தேட வேண்டிய உயிர் ஒன்று தொட்டிக்குள் வாழ்நாளைக் கழிப்பதைப் பார்த்தவர்கள், பாதையோரம் ஒரு ரொட்டித் துண்டை எறிய மாட்டார்கள்.

இந்த மண்ணின் டிலிங்கிட் மக்களுக்குக் கரடியோடு உள்ள உறவு வேறொரு ஆழத்தில் இருக்கிறது. பழுப்புக் கரடியைத் தங்கள் குலச்சின்னமாகக் கொண்ட குலங்கள் அவர்களிடையே உண்டு. கரடியை மணந்த பெண்ணின் கதை இந்தக் கரை நெடுகச் சொல்லப்படுகிறது. கரடியைப் பழித்துப் பேசக் கூடாது, அதற்கு மனிதப் பேச்சு கேட்கும், புரியும் என்பது பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கம். காட்டில் அதை உறவுமுறை சொல்லி மரியாதையாக அழைத்து, உனக்குத் தீங்கு செய்ய வரவில்லை என்று சொல்லிக்கொண்டு போவதுண்டு. பூங்காத் துண்டறிக்கையின் அறிவுரையும் இந்த மரபும் நடைமுறையில் ஒரே இடத்துக்கு வந்துசேர்கின்றன: பேசிக்கொண்டு போ, தாழ்ந்த குரலில் பேசு, வழிவிடு. ஆனால் துண்டறிக்கை நம் பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறது, மரபு மரியாதையிலிருந்து தொடங்குகிறது. எனக்கு இரண்டாவதே உறுதியான அடித்தளமாகத் தெரிகிறது. பயம் சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும். எதுவும் நடக்காத இரண்டு நடைகளுக்குப் பிறகு பயந்தவர் கவனம் தளர்ந்துவிடுவார். மரியாதையில் பழகியவருக்கு அப்படித் தளர்வதில்லை.

இந்த மக்களின் காட்டில்தான் நடக்கிறோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய சிட்கா இருக்கிறது. 1799இல் ரஷ்ய வணிகர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1802இல் டிலிங்கிட் போராளிகள் அதை அழித்தார்கள். அந்த மோதலின் வரலாறு அந்தக் கரையில் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

மரியாதை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு அட்மிரால்டி தீவின் பேக் கிரீக் நல்ல சான்று. 1930களிலேயே அங்கே கரடி வேட்டை நிறுத்தப்பட்டது. ஸ்டான் பிரைஸ் என்பவர் அந்த ஓடைக்கரையில் பல பத்தாண்டுகள் கரடிகளுக்கு நடுவே வாழ்ந்து 1989இல் மறைந்தார். இன்று அங்கே பருவகாலத்தில் அனுமதிச் சீட்டோடுதான் போக முடியும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட தடம், குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்ப்பது. மனிதர்கள் எங்கே இருப்பார்கள், எங்கே இருக்க மாட்டார்கள் என்பது கரடிகளுக்குத் தெரியும். அதனால் அவை மனிதரைப் பொருட்படுத்தாமல் மீன் பிடிக்கின்றன. கரடி நம்மிடம் எதிர்பார்ப்பது வீரத்தை அல்ல, ஒழுங்கை.

*

இவ்வளவு சொன்ன பிறகு, அளவை மறந்துவிடக் கூடாது. இந்தப் பாதையில் ஒருவர் காயப்பட்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கரடியாக இருக்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். ஈரப்பலகையில் வழுக்கும், வேரில் கால் இடறும். நனைந்த பருத்திச் சட்டையோடு கோடையிலும் குளிர் எலும்புக்குள் இறங்கும். ஆகவே கம்பளியோ செயற்கை இழையோ ஆன உள்ளாடை, நல்ல மழைச்சட்டை, இந்தக் கரையில் எல்லோரும் அணியும் பழுப்பு நிற எக்ஸ்ட்ராடஃப் ரப்பர் பூட்ஸ். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. இவை கரடி இல்லாத காட்டுக்கும் உரியவை. கரடியைப் பற்றிய எச்சரிக்கை இவற்றை மறைத்துவிடக் கூடாது.

திட்டத்தில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: திரும்பிவிடும் உரிமை. பாதை தொடங்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும். அன்று அதில் கரடி நடமாட்டம் குறித்து எழுதியிருந்தால் வேறு பாதைக்குப் போகலாம். ஊருக்குள்ளேயே தேசிய வரலாற்றுப் பூங்காவில் குலச்சின்னத் தூண்கள் நிற்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் வளையப் பாதை இருக்கிறது. அதன் நடுவே ஓடும் ஆற்றிலும் சால்மன் ஏறுகிறது என்பதால் அங்கேயும் கண் விழிப்பாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் சரிப்படவில்லை என்றால் அன்று நடை இல்லை. தொலைதூரம் பயணம் செய்து வந்துவிட்டோம், செலவு செய்துவிட்டோம் என்ற எண்ணம்தான் மனிதனைத் தவறான நேரத்தில் காட்டுக்குள் தள்ளுகிறது. திட்டம் போடும்போதே மாற்று இடத்தையும் மாற்று நாளையும் எழுதி வைத்தவருக்குத் திரும்புவது தோல்வியாகத் தெரியாது.

நடந்து முடித்துக் காருக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய இரையைப் பார்த்தேன், தாயும் குட்டியும் கழிமுகத்தில் நின்றன, எச்சம் ஈரமாக இருந்தது என்று கண்டதை வன அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், பாதையில் நுழையக் காத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். நாம் புறப்படும் முன் பலகையில் படித்த எச்சரிக்கை முன்பு நடந்த யாரோ ஒருவர் சொன்னதால் வந்தது. அவருக்கு நம் பெயர் தெரியாது, நமக்கு அவர் பெயர் தெரியாது. அந்தத் தகவலால் ஒரு குடும்பம் வேறு பாதைக்குப் போகும், ஒரு தாய்க் கரடி இடையூறின்றி மீன் பிடிக்கும். அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: இத்தனை ஏற்பாடும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டுமல்ல, நமக்குப் பிறகு அந்தப் பாதையில் வரும் எல்லோருக்குமானது. அதில் கரடியும் சேர்த்தி.